அடுக்கத் தெரியாதவர்கள் மெஷினைக் குறை சொல்கிறார்கள்

(நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் இப்போதே படிக்கவும். மற்றவர்கள் இன்று ராத்திரிப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து படிக்கவும். அப்போது இன்னும் நன்றாகப் புரியும்.)

"டிஷ்வாஷரெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்து வராதுங்க."

கல்யாண வீட்டுப் பந்தியில், ரயிலில், எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் என்று இந்த வாக்கியத்தை எங்கெங்கோ கேட்டுவிட்டேன். சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். "சார், உங்க வீட்ல பாத்திரம் யார் கழுவுறா?" என்று கேட்டால் பேச்சு உடனே பெட்ரோல் விலைக்குப் போய்விடுகிறது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் நடத்தியவள். சோதனை சரியாக வரவில்லை என்றால் மாணவன் சொல்லும் முதல் காரணம், "டீச்சர், கெமிக்கல் சரியில்லை." போய்ப் பார்த்தால் பியூரெட்டைக் கழுவியிருக்க மாட்டான். டிஷ்வாஷர் விஷயமும் அப்படித்தான். மெஷின் சரியில்லை என்கிற வீடுகளில் போய்க் கதவைத் திறந்து பார்த்தால் போதும், காரணம் உள்ளேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

இந்தப் பாட்டு பழைய பாட்டு

1950-களில் கோயம்புத்தூரில் கிரைண்டர் வந்தபோதும் "ஆட்டுக்கல்லில் ஆட்டினால்தான் இட்லி மல்லிகைப்பூ மாதிரி வரும்" என்றார்கள். மிக்ஸி வந்தபோது "அம்மியில் அரைத்த சட்னி ருசியே தனி" என்றார்கள். வாஷிங் மெஷின் வந்தபோது "காலர் அழுக்கு போகாது" என்றார்கள். ருசியைப் பற்றிப் பேசியவர்கள் யாரும் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தவர்கள் இல்லை. தோள்பட்டை ஒருத்தருக்கு, ருசி இன்னொருத்தருக்கு.

பிறகு என்ன ஆயிற்று? 2011-ல் அரசாங்கமே மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுத்தது. இன்று எந்த வீட்டிலும் அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. ஆட்டுக்கல் தோட்டத்தில் பறவைக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியாகிவிட்டது. இட்லியும் ஒழுங்காகத்தான் வருகிறது.

இன்னொரு சரித்திரமும் சொல்கிறேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்தை உருப்படியாகச் செய்து காட்டியவர் ஒரு பெண். பெயர் ஜோசஃபின் காக்ரேன். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் ஊர்க்காரர். 1886 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரம் இருந்தது. அவருக்கு முன்னாலும் சிலர் முயன்றிருக்கிறார்கள். இவர் என்ன வித்தியாசமாகச் செய்தார் தெரியுமா? தன் வீட்டுத் தட்டுகளையும் கோப்பைகளையும் அளந்தார். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் அசையாமல் நிற்கும்படி கம்பியால் அறைகள் செய்தார். பிறகு தண்ணீரை வேகமாக அடித்தார். அதாவது அடுக்கும் முறைதான் அந்தக் கண்டுபிடிப்பின் உயிர். அதைத்தான் நாம் 'கண்டபடி போட்டு மூடு' என்று ஆக்கி வைத்திருக்கிறோம்.

"நம்ம பாத்திரத்துக்கு இடம் பத்தாது"

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே பிரஷ் கிடையாது. தேய்க்கும் கை கிடையாது. ஓட்டை போட்ட கைகள் சுற்றிச் சுற்றிச் சூடான சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கின்றன. அவ்வளவுதான். ஆகவே ஒரே ஒரு விதி: தண்ணீர் படாத இடம் சுத்தமாகாது. மற்ற எல்லாம் இந்த ஒரு விதியின் கிளைகள்.

1. தட்டுகளைக் கீழ்த் தட்டில், முகம் நடுப்பக்கம் பார்க்கும்படி நிறுத்துங்கள். நம் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டுக்கு விளிம்பு உயரம். வெளிநாட்டுத் தட்டுக்காகப் போட்ட இடைவெளியில் அடுத்தடுத்துச் செருகினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு இடைவெளி விட்டு ஒன்று வையுங்கள். எண்ணிக்கை குறையும், ஆனால் கழுவியது கழுவியதாக இருக்கும்.

2. டம்ளர், டபரா, கிண்ணம் எல்லாம் மேல் தட்டில், கவிழ்த்து, கொஞ்சம் சாய்த்து. கம்பியின் தலையில் டம்ளரைக் குத்தி நிறுத்தாதீர்கள். இரண்டு வரிசைக் கம்பிகளுக்கு நடுவில் கவிழ்க்க வேண்டும். ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளரைச் செருகி வைத்துவிட்டு "உள்ளே காபிக் கறை போகலை" என்பது, குடை பிடித்துக்கொண்டு மழையில் நனையவில்லை என்பது மாதிரி.

3. வாணலி, குழம்புப் பாத்திரம், குக்கர் உள்பாத்திரம் கீழ்த் தட்டில், கவிழ்த்து, ஓரமாக. மல்லாக்க வைத்தால் அழுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டியாகிவிடும். பல மெஷின்களில் கம்பிகளை மடக்கிப் படுக்க வைக்கலாம். அது நம் மாதிரிப் பெரிய பாத்திரக்காரர்களுக்காகத்தான். வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் அந்தக் கம்பி மடங்கும் என்று தெரியாத வீடுகள் உண்டு.

4. இட்லித் தட்டைப் பிரித்துத் தனித்தனியாக நிறுத்த வேண்டும். எவர்சில்வர் குக்கர் என்றால் மூடியிலிருந்து கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு வைக்க வேண்டும்.

5. ஸ்பூன்களை ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டாதபடி கலந்து போடுங்கள். கத்தி முனை கீழே பார்க்கட்டும். நீளக் கரண்டியும் தோசைத் திருப்பியும் மேல் தட்டில் படுக்கட்டும்.

6. பிளாஸ்டிக் டப்பா, மூடி போன்ற லேசான சாமான்கள் மேல் தட்டில், எதிலாவது அணைத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் வேகத்தில் புரண்டு நிறைந்து நிற்கும்.

7. கதவை மூடும் முன், சுற்றும் கைகளை ஒரு முறை கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு கரண்டிக் காம்பு தடுத்தால் போதும், அன்றைய ஓட்டம் முழுக்க வீண். சோப்பு வைக்கும் அறையின் மூடி திறக்க முடியாதபடி எதிரில் பெரிய தட்டு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

8. எடுக்கும்போது கீழ்த் தட்டை முதலில் காலி செய்யுங்கள். நம் டம்ளர்களின் அடிக்குழியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மேல் தட்டை முதலில் இழுத்தால் அது காய்ந்த தட்டுகளின் மேல் கொட்டும்.

இவ்வளவுதான் பாடம். ஒரு வாரம் செய்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் வந்துவிடும். ஐம்பது வயதுக்காரருக்கு வரவில்லை என்றால் அது அறிவுக் குறைவால் இல்லை. வராமல் இருப்பதில் அவருக்கு லாபம் இருக்கிறது.

"கழுவித்தானே போடணும், அப்புறம் மெஷின் எதுக்கு?"

யார் கழுவச் சொன்னது? பருக்கை, கறிவேப்பிலை, மிளகாய், முருங்கைச் சக்கை, மீன் முள் இவற்றை வழித்துக் குப்பையில் போடுங்கள். எண்ணெய் தேங்கிய வாணலியைப் பழைய பேப்பரால் துடைத்துவிடுங்கள். அத்தோடு சரி. குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, பிறகு மெஷினில் அடுக்குவது, துவைத்த துணியை வண்ணானுக்குப் போடுகிற வேலை.

டிஷ்வாஷர் சோப்பில் காரம் மட்டும் இல்லை, நொதிகளும் இருக்கின்றன. புரோட்டியேஸ் என்பது பருப்பு, முட்டை, பால் போன்ற புரதத்தை உடைக்கிறது. அமைலேஸ் என்பது சோறு, கஞ்சி, மாவு போன்ற ஸ்டார்ச்சை உடைக்கிறது. நம் எச்சிலில் இருக்கிற அதே அமைலேஸ் குடும்பம். சாப்பாட்டு மிச்சம்தான் அவற்றுக்கு வேலை. அதனால்தான் காய்ந்த சாம்பார்கூட ஒழுங்காக அடுக்கினால் போய்விடுகிறது. அடிப்பிடித்த பால் பாத்திரம் மட்டும் விதிவிலக்கு. அதை ஊறப் போட்டுச் சுரண்டத்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சிங்க் ஓரத்தில் இருக்கிற சாதாரணப் பாத்திரம் கழுவும் திரவத்தை மெஷினில் ஊற்றாதீர்கள். நுரை பொங்கிச் சமையலறைக்கு வந்துவிடும். மெஷினுக்கென்று விற்கிற பவுடரோ வில்லையோதான் போட வேண்டும். வாரம் ஒரு முறை அடியில் இருக்கும் வடிகட்டியைத் திருகி எடுத்துக் கழுவுங்கள். நம் வீட்டுக் கடுகும் கறிவேப்பிலையும் அங்கேதான் குடியிருக்கும். "மெஷின் நாறுது" என்பவர்களில் பலர் அந்த வடிகட்டியின் முகத்தையே பார்த்ததில்லை.

"வெள்ளை வெள்ளையா படியுது"

இது நான் நடத்திய பாடம். பிளஸ் ஒன் வேதியியல், ஹைட்ரஜன் அத்தியாயம், கடின நீர். அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய இன்ஜினீயர்கள்தான் இன்று போர்வெல் தண்ணீரை மெஷினில் விட்டுவிட்டுக் கஸ்டமர் கேரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊர் போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். தண்ணீர் காய்ந்ததும் அதுதான் வெள்ளையாகப் படிகிறது. பக்கெட்டிலும் கெய்சரிலும் படிகிற அதே படிவு. இதற்காகவே பெரும்பாலான மெஷின்களின் அடியில் அயனிப் பரிமாற்றப் பிசின் இருக்கும் ஓர் அறை உண்டு. பிசின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. பிசினைப் பழையபடி தயார்ப்படுத்தத்தான் உப்பு. பாத்திரத்தைக் கழுவுவதற்கு இல்லை.

அந்த உப்புப் பெட்டியை நிரப்பி, உங்கள் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ற எண்ணை மெஷினில் வைக்க வேண்டும். சமையல் தூள் உப்பைப் போடக் கூடாது. கட்டிபடாமல் இருக்க அதில் கலக்கும் பொருள்கள் அடைத்துக்கொள்ளும். டிஷ்வாஷர் உப்பு என்றே தனியாக விற்கிறது. அடுத்தது ரின்ஸ் எய்ட். அது தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து ஓடிவிடும், பாத்திரம் கறையில்லாமல் காயும். இந்த இரண்டையும் போடாமல் மெஷினைக் குறை சொல்வது, எண்ணெய் ஊற்றாமல் தோசை ஒட்டுகிறது என்று கல்லைத் திட்டுவது.

எதைப் போடக் கூடாது

நான் மெஷின் கம்பெனிக்கு ஏஜென்ட் இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியம், இண்டாலியம் போடாதீர்கள். காரத்தில் கறுத்துப் போகும். இரும்புத் தோசைக்கல், இரும்புச் சட்டி போடாதீர்கள். பழக்கி வைத்த எண்ணெய்ப் பசை போய்த் துருப்பிடிக்கும். பித்தளை, செம்பு, ஈயச் சொம்பு, கல்சட்டி, மண் சட்டி, மரக் கரண்டி எல்லாம் வெளியே. மிக்ஸி ஜாரையும் பிளேடு கழற்ற முடியாவிட்டால் கையாலேயே கழுவுங்கள்.

இவ்வளவையும் கழித்தால் என்ன மிச்சம் என்கிறீர்களா? இன்று ராத்திரி உங்கள் சிங்க்கை எட்டிப் பாருங்கள். தட்டு, டம்ளர், கிண்ணம், கரண்டி, எவர்சில்வர் பாத்திரம், டிபன் பாக்ஸ். மலை அதுதான். கையால் கழுவ மிஞ்சுவது நாலைந்து உருப்படி.

தண்ணீரும் கரண்டும்

பெரிய மெஷின் ஒன்று ஓர் ஓட்டத்துக்குச் சுமார் 10 முதல் 12 லிட்டர் தண்ணீர் எடுக்கும். ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட். ஒரு சோதனை சொல்கிறேன். சிங்க் குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட்டை வைத்து, நீங்கள் பாத்திரம் அலசும் வேகத்தில் திறந்து, எத்தனை நிமிஷத்தில் நிறைகிறது என்று பாருங்கள். பிறகு பாத்திரம் கழுவ எத்தனை நிமிஷம் குழாய் ஓடுகிறது என்று பாருங்கள். பெருக்கல் கணக்கு நீங்களே போடுங்கள். ஒரே தொட்டித் தண்ணீரில் சிக்கனமாக அலசுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் ஃபிளாட் வீடுகளுக்கு நன்றாகவே பொருந்தும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் 50 வேகன் தண்ணீர் கொண்டுவந்ததை நாம் பார்த்தோமே, அதற்குள் மறந்துவிட்டதா?

ஈகோ ஓட்டம் மூன்று மணி நேரம் ஓடுகிறதே என்று பயப்பட வேண்டாம். கரண்டை இழுப்பது தண்ணீரைச் சுட வைக்கும் வேலைதான். குறைந்த சூட்டில் அதிக நேரம் ஓடினால் கரண்ட் குறைகிறது. பாதி நிறைந்த மெஷினை ஓட்டுவதுதான் வீண்செலவு.

"எச்சில் பாத்திரத்தையெல்லாம் ஒரே பெட்டியில போட்டு மூடுறதா?"

இதைக் கேட்பவர்கள் வீட்டு சிங்க்கில் எல்லோருடைய எச்சில் தட்டும் ஒன்றாகத்தான் கிடக்கிறது. ஒரே ஸ்க்ரப்பர்தான் எல்லாவற்றையும் தேய்க்கிறது. அந்த ஸ்க்ரப்பரை ஒரு முறை முகர்ந்து பாருங்கள். மெஷின் அழுக்குத் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுத்து, கை பொறுக்காத சூட்டில் அலசுகிறது. எச்சிலைப் பற்றிய கவலை அது யார் கையில் படுகிறது என்பதைப் பற்றி ஏன் எழுவதில்லை? வீட்டுக்காரம்மா கையிலோ வேலைக்கு வரும் அம்மா கையிலோ பட்டால் பரவாயில்லை, இயந்திரத்தில் பட்டால் ஆசாரம் கெட்டுவிடுமா?

"வேலைக்காரம்மா பொழப்பு என்ன ஆவுறது?"

இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் கேட்பவர்களைப் பார்த்தால்தான் சந்தேகம் வருகிறது. வேலைக்கு வருபவர் மாதம் இரண்டு நாள் லீவு கேட்டால் சம்பளம் பிடிப்பவர்களுக்கு, மெஷின் என்றதும் திடீரென்று தொழிலாளர் பாசம் பொங்குகிறது. விரலிடுக்கில் ஆறாத புண்ணோடு நாலு வீட்டுச் சோப்புத் தண்ணீரில் கை நனைக்கிறாரே, அந்தக் கையை ஒரு நாள் பார்த்திருக்கிறார்களா?

மெஷின் வாங்கினால் அவரை நிறுத்தாதீர்கள். சம்பளத்தைக் குறைக்காதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தைச் சமையலுக்கோ துணி மடிக்கவோ மாற்றிக் கொடுங்கள். அல்லது சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டும். அவருக்கும் வீட்டில் ஒரு சிங்க் காத்திருக்கிறது. முப்பது நாற்பதாயிரம் கொடுத்து மெஷின் வாங்க முடிந்தவருக்கு இது முடியாத காரியமில்லை.

கடைசியில் இதுதான் விஷயம்

2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். 'ஈடுபடும் ஆண்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆண்களில் அப்படி ஈடுபட்டவர்கள் 26 சதவீதம்தான். பெண்களில் 81 சதவீதம்.

மெஷின் வந்தால் இது தானாக மாறிவிடாது. அதைத்தான் நான் பார்க்கிறேன். மகன் அமெரிக்காவிலிருந்து வந்து அம்மாவுக்கு டிஷ்வாஷர் வாங்கிக் கொடுக்கிறான். படம் எடுத்துப் போடுகிறான், நூறு பேர் வாழ்த்துகிறார்கள். அவன் விமானம் ஏறியதும் அந்த எழுபது வயது அம்மா குனிந்து அடுக்கி, குனிந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்பா ஹாலில் உட்கார்ந்து, "என்னமோ சரியா கழுவலையே இது" என்று டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். மூன்று மாதத்தில் அதன் மேல் துணி போர்த்தி, மேலே ஊறுகாய் ஜாடி வைத்தாகிவிட்டது. பழி மட்டும் "நம்ம பாத்திரம்" மேல்.

சமையலறைக்கு வாங்கும் பொருளெல்லாம் அம்மாவுக்கு வாங்கிய பொருள் என்று நினைப்பதில்தான் கோளாறு. பைக் வாங்கினால் வீட்டில் எல்லோரும் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். டிவி ரிமோட்டில் எந்த பட்டன் எதற்கு என்று தாத்தாவுக்கும் தெரிகிறது. இதில் மட்டும் நாலு பட்டன் யாருக்கும் புரிவதில்லை.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. "அவருக்கு அடுக்கத் தெரியாது" என்று சொல்லி, அவர் வைத்ததை எல்லாம் வெளியே எடுத்து மறுபடி அடுக்காதீர்கள். ஓட விடுங்கள். அழுக்காக வந்த கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுங்கள். செய்முறைத் தேர்வில் நானும் மாணவன் கையிலிருந்து பிப்பெட்டைப் பிடுங்கியதில்லை. பிடுங்கியிருந்தால் எவனும் கற்றிருக்க மாட்டான்.

எனவே வீட்டுப்பாடம் இதுதான். மெஷின் இருக்கிற வீட்டில், சாப்பிட்டவர் தன் தட்டை வழித்துத் தானே அடுக்கட்டும். ராத்திரி பட்டனை அழுத்துவது முறை வைத்து. காலையில் காலி செய்வது, முந்தின நாள் சமைக்காதவர். உப்பும் ரின்ஸ் எய்டும் தீர்ந்ததைப் பார்த்து வாங்குவது வீட்டு ஆண்மகன் பொறுப்பு. மெஷின் இல்லாத வீட்டிலும் இதே முறைதான், மெஷினுக்குப் பதில் சிங்க், அவ்வளவே. காசு இல்லை, இடம் இல்லை, மேல்மாடியில் தண்ணீர் அழுத்தம் பத்தாது என்றால் அவை உண்மையான காரணங்கள், ஒப்புக்கொள்கிறேன். "ஒத்து வராது" என்பது காரணமே இல்லை.

'உதவி' என்ற சொல்லை மட்டும் யாரும் பயன்படுத்த வேண்டாம். தான் தின்ற தட்டைத் தான் கழுவுவதற்கு உதவி என்று பெயர் கிடையாது.

மறுப்பு இருப்பவர்கள் தாராளமாக எழுதலாம். ஆனால் எழுதும் முன், நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவியது யார் என்று முதல் வரியில் குறிப்பிட்டுவிட்டு எழுதவும்.